கூழாங்கல் இல்லாத மழைமானி

பள்ளிக் கையேடுகளில் வரும் மழைமானிக்குப் புட்டியின் அடியில் கூழாங்கல் போட்டு, அது மூழ்கத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்திலிருந்து அளவுகோலை ஒட்டச் சொல்வார்கள். சிங்கப்பூருக்கு அது சரிப்படாது. அந்தத் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் போதும். வீட்டில் மின்தராசு இருந்தால் கல்லும் வேண்டாம், அளவுகோலும் வேண்டாம்.

1.5 லிட்டர் பிளாஸ்டிக் புட்டியைத் தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே, சுவர் நேராகும் இடத்தில் வெட்டுங்கள். மூடியைக் கழற்றிவிட்டு, வெட்டிய மேல்பகுதியைக் கவிழ்த்துப் புனல்போல் உள்ளே செருகுங்கள். புனல் இல்லாவிட்டால் மதிய வெயிலில் தண்ணீர் ஆவியாகிக் கணக்கு குறையும். விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் வாய் நசுங்கி முட்டை வடிவமாகிவிடும். பிறகு வாயின் உள்விட்டத்தை இரண்டு திசையில் அளந்து சராசரி எடுங்கள்.

விட்டம் 9 செ.மீ. என்றால் பரப்பு 63.6 சதுர செ.மீ. அதாவது 1 மி.மீ. மழைக்கு 6.36 கிராம் தண்ணீர் சேரும். காய்ந்த புட்டியை முதலிலேயே தராசில் வைத்துப் பார்த்து, எடையை அதன்மேலேயே எழுதிவிடுங்கள். மழைக்குப்பின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு நிறுக்க வேண்டும். 140 கிராம் கூடியிருந்தால் 140-ஐ 6.36 ஆல் வகுக்க, 22 மி.மீ. புட்டியின் இடுப்பு எப்படி வளைந்திருந்தாலும் எடை பொய் சொல்லாது.

எங்கே வைப்பது என்பதுதான் தலைவலி. தாழ்வாரச் சுவரிலோ சன்னல் விளிம்பிலோ வைக்கவே கூடாது. கீழே விழுந்தால் ஆளைக் கொல்லும். கட்டடம், மரம் என மழையை மறைக்கும் தடுப்பின் உயரத்தைப்போல் இரு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. 36 மீட்டர் உயர வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் என்றால் 72 மீட்டர்! சமூகத் தோட்டத்தில் மரமில்லாத மூலை கிடைத்தால் அதிர்ஷ்டம். அடியில் துளையுள்ள பூந்தொட்டியில் மணல் நிரப்பிப் புட்டியைப் புதையுங்கள். வாய் மணலுக்கு மேல் 10 செ.மீ., தரைக்கு மேல் 30 செ.மீ. இருந்தால் தெறிக்கும் நீர் உள்ளே போகாது. வெறுமனே நிறுத்தினால் விடியற்காலையில் வரும் சுமத்ரா சூறைக்காற்று உருட்டிவிடும்.

தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து, உடனே தண்ணீரைக் கொட்டுங்கள். மழை இல்லாத நாளிலும் ஒரு பார்வை வேண்டும். காய்ந்த இலை வாயை அடைத்திருக்கும்.

1 சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். ஆக, 22 மி.மீ. மழை 1,000 சதுர மீட்டர் கூரையில் 22,000 லிட்டர். தீவின் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதால் அதில் பெரும்பகுதி வடிகால் வழியே 17 நீர்த்தேக்கங்களில் ஏதோ ஒன்றுக்குப் போகும்.

உங்கள் எண்ணும் அருகிலுள்ள வானிலை நிலையத்தின் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் உடனே புட்டியைச் சந்தேகிக்க வேண்டாம். பிற்பகல் இடிமழை மேற்கே ஜூரோங்கை நனைத்துவிட்டுக் கிழக்கே சாங்கியைத் தொடாமல் போவது இங்கே சாதாரணம். மாதம் முழுக்க ஒரே பக்கமாகக் குறைந்தால் மட்டும் மேலே மரக்கிளை நீண்டிருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.