டீசல் கசிந்தால் முதலில் மதகு: கடலோரத் தோட்டங்களுக்கான செய்முறை

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பந்திங், கேரித் தீவு வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மண்கரைதான். வாய்க்கால்கள் எல்லாம் கடைசியில் மதகில் வந்து சேரும். மதகுக்கு வெளியே லங்காட் ஆறு, அலையாத்திக் காடு, மலாக்கா நீரிணை. ஒர்க்‌ஷாப் பக்கத்து ஸ்கிட் டேங்க் (டீசல் சேமிக்கும் தொட்டி) கசிந்தால், மதகுக்குள் இருக்கும்வரை அது தோட்டத்து வேலை. மதகைத் தாண்டிவிட்டால் அது கடல் எண்ணெய்க் கசிவு. நண்டும் மீனும் பிடித்துப் பிழைக்கும் மா மெரி பழங்குடி மக்களின் வயிற்றில்தான் அது முதலில் அடிக்கும்.

எண்ணெய் நிறுவனங்கள் மூன்று படிகளாகத் தயாராகின்றன. முதல் படி, சம்பவ இடத்திலேயே இருக்கும் ஆளும் கருவியும். இரண்டாவது, நிறுவனங்களுக்கிடையிலான கூட்டு உதவி. மலேசியாவில் பிம்மேக் அமைப்பு இதற்காகவே இருக்கிறது. மூன்றாவது, சிங்கப்பூரில் தளம் வைத்திருக்கும் ஓஎஸ்ஆர்எல் போன்ற பன்னாட்டு அமைப்புகள். மேற்படிகளில் இருந்து உதவி வந்து சேர மணிக்கணக்காகும், சில சமயம் நாள்கணக்காகும். கடல் இறங்குவதற்கோ ஆறு மணி நேரம் போதும். ஆகவே தோட்டத்துக்கு முதல் படிதான் உயிர்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

டேங்கைச் சுற்றிய தடுப்புச் சுவருக்குள் டேங்க் கொள்ளளவில் 110 விழுக்காடு அடங்க வேண்டும். 10,000 லிட்டர் டேங்க் என்றால் 11,000 லிட்டர்: உள்ளளவு 4 மீட்டருக்கு 4 மீட்டர், சுவர் உயரம் 70 சென்டிமீட்டர். சுவர் சரியாக இருந்தும் காலை வாரிவிடுவது அதன் வடிகால் வால்வு. மழைத் தண்ணீரை வெளியேற்றத் திறந்தவர் மூட மறந்துவிடுவார். வால்வுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கிராணியிடம் (தோட்ட எழுத்தரிடம்) கொடுங்கள். திறக்கும் முன் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் முதலில் விரிப்பால் உறிஞ்சி எடுங்கள்.

கருவிகளில் ஒரு பங்கு ஸ்டோரில் இருக்கட்டும். பெரும்பங்கு மதகருகே பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். ஒரு மதகுக்கு: பாலிப்ரொப்பிலீன் உறிஞ்சு பூம் (தண்ணீரில் மிதந்து எண்ணெயைத் தடுத்து உறிஞ்சும் நீள உருளை) 3 மீட்டர் நீளத்தில் நான்கு, உறிஞ்சு விரிப்பு நூறு, 6 அங்குல பிவிசி குழாய் 4 மீட்டர் நீளத்தில் நான்கு, வெற்றுச் சாக்கு அறுபது, மண்வெட்டி, கயிறு, நைட்ரைல் கையுறை, மூடியுள்ள 200 லிட்டர் டிரம் நான்கு. ஒரு விரிப்பு ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் பிடிக்கும். ஆயிரம் லிட்டர் கொட்டியதை விரிப்பால் துடைத்துவிடலாம் என்று நம்பாதீர்கள். பெரிய அளவுக்கு, குழாயால் உறிஞ்சி எடுக்கும் வேக்யூம் லோரிதான் வழி. அதன் ஒப்பந்தக்காரர் எண் பெட்டியின் மூடியிலேயே ஒட்டியிருக்க வேண்டும்.

செம்பனைச் சக்கை நார் இலவசமாகக் கிடைக்கிறதே என்று அதை வாய்க்காலில் கொட்டுவதும் வேண்டாம். பதப்படுத்தாத நார் எண்ணெயோடு தண்ணீரையும் குடித்து அடியில் தங்கிவிடும். பிறகு அதை யாராலும் முழுக்க எடுக்க முடியாது. தரையில் சிந்தியதற்கு மட்டும் நாரோ மரத்தூளோ போடலாம்.

கசிவு தெரிந்த உடனே

கசிந்தது பெட்ரோல் என்றால் கிட்டே போகாதீர்கள். ஆட்களை விலக்கிவிட்டு 999-ஐ அழையுங்கள். டீசல் அவ்வளவு எளிதில் தீப்பற்றாது என்றாலும், புகைப்பதையும் வெல்டிங்கையும் நிறுத்துங்கள். ஒருவர் டேங்க் வால்வை மூட ஓடும்போதே இன்னொருவர் மதகுக்குக் கிளம்பிவிட வேண்டும். டேங்கைக் கவனித்துவிட்டுப் போகலாம் என்றால் டீசல் முந்திக்கொள்ளும்.

மதகைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடல் ஏறும்போது மடக்குக் கதவு தானாக மூடிக்கொள்ளும். இறங்கும்போது உள்தண்ணீர் தள்ள, தானாகத் திறக்கும். ஆக, கடல் இறங்கும் நேரத்துக் கசிவுதான் ஆபத்து. மடக்குக் கதவை நம்பாமல், கையால் திருகி ஏற்றி இறக்கும் திருகுக் கதவை முழுக்க இறக்குங்கள். மழைக்காலத்தில் நாள்கணக்கில் மூடி வைத்தால் தோட்டம் மூழ்கும். அப்போது திருகுக் கதவை ஒரு சாண் மட்டும் தூக்கலாம். டீசல் மேலே மிதக்கும், தண்ணீர் அடியால் போகும். ஆனால் அந்தத் திறப்புக்கு மேல் குறைந்தது 60 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் சுழி விழும். சுழி வழியே எண்ணெய் இறங்கிவிடும். சுழி கண்ணில் பட்ட கணமே கதவை இறக்குங்கள்.

திருகுக் கதவு இல்லாத வாய்க்காலில் மண்ணணை கட்டுங்கள். சாக்குகளில் மண் நிரப்பி அடுக்கி, குழாய்களைச் சாய்வாகப் பதியுங்கள்: தண்ணீர் உள்ளே வரும் வாய் வாய்க்காலின் அடியருகே, வெளியேறும் வாய் உயரத்தில். வெளிவாயின் உயரம்தான் உள்ளே நிற்கும் தண்ணீர் மட்டத்தைத் தீர்மானிக்கும். எத்தனை குழாய் வேண்டும்? வாய்க்கால் 1.5 மீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் ஆழம், ஓட்டம் விநாடிக்கு 10 சென்டிமீட்டர் என்றால் விநாடிக்கு 60 லிட்டர் வரும். இருபக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் 30 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் ஒரு குழாய் 20 லிட்டரைத் தாராளமாகக் கடத்தும். மூன்று போதும், மழைக்காக நான்காவதையும் வையுங்கள். குழாயைச் சுற்றிய மண்ணை மிதித்து இறுக்காவிட்டால் கசிவு அரித்து அணையே போய்விடும்.

பூம் போடும் முன் ஓட்டத்தை அளவிடுங்கள். ஒரு ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு 10 மீட்டருக்கு நேரம் பாருங்கள். 28 விநாடிக்குக் குறைந்தால் நேர்க்குறுக்காகப் போட்ட பூமின் அடியில் எண்ணெய் நழுவிப் போய்விடும். 20 விநாடி என்றால் ஓட்டத்துக்கு 45 பாகை சாய்வு; 10 விநாடி என்றால் 20 பாகை. சாய்வின் கீழ்முனை சேரும் கரையில்தான் எண்ணெய் திரளும். டிரம்களை அங்கே கொண்டுபோய் வையுங்கள்.

வானவில் நிறமோ வெள்ளிப் பளபளப்போ கண்டு பதற வேண்டாம். வெள்ளிப் படலமாகப் பரவினால் ஒரே லிட்டர் மூவாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மூடும்; அதை அள்ள முடியாது. எண்ணெயின் சொந்த நிறம் தெரிகிற இடத்தில்தான் அள்ளத் தகுந்த அளவு இருக்கிறது. விரிப்பை அங்கே செலவிடுங்கள்.

சவர்க்காரம் தெளிக்கவே கூடாது. எண்ணெய் மறைந்ததுபோல் தெரியும். உண்மையில் துளிகளாகித் தண்ணீரில் கலந்து, பூமுக்கும் அணைக்கும் சிக்காமல் போய்விடும். எண்ணெயைத் துளிகளாகச் சிதறடிக்கும் தொழில்முறை மருந்துகளுக்கும் அலையாத்திக் காட்டோரத்தில் இடமில்லை.

எண்ணெய் அலையாத்திக்குள் புகுந்துவிட்டால் ஆட்களை உள்ளே இறக்காதீர்கள். காலடி பட்டால் எண்ணெய் சேற்றுக்குள் அமுங்கி, வேர்கள் வரை போய்விடும். காட்டின் விளிம்பில் உறிஞ்சு பூம் கட்டி, கடல் ஏறும் இறங்கும் ஓட்டத்தோடு வருவதைப் பிடியுங்கள். மற்றதைச் சுற்றுச்சூழல் இலாகா வந்து முடிவு செய்யட்டும். அதன் எண் 1-800-88-2727.

எண்ணெய் கடலிலிருந்து வந்தால்

1997 அக்டோபர் 15-இல் சிங்கப்பூர் நீரிணையில் எவோய்க்கோஸ் டேங்கர் மோதலில் சுமார் 29,000 டன் கன எரியெண்ணெய் கொட்டியது. டிசம்பரில் அது சிலாங்கூர்க் கரையில் 40 கிலோமீட்டர் நீளத்துக்குள் ஆங்காங்கே ஒதுங்கியது. மிதக்கும் எண்ணெய், நீரோட்டத்தோடும் காற்று வேகத்தில் சுமார் 3 விழுக்காட்டோடும் நகரும். இப்படி ஒரு செய்தி வந்தால் ஒவ்வொரு மடக்குக் கதவும் ஒட்டி மூடுகிறதா என்று பாருங்கள். மட்டையோ கட்டையோ இடுக்கில் சிக்கியிருந்தால் கடல் ஏறும்போது எண்ணெய் வாய்க்காலுக்குள் வந்துவிடும்.

கழிவும் மறுதிறப்பும்

மலேசியாவின் அபாயக் கழிவுப் பட்டியலில் எண்ணெய் பட்ட மண்ணின் குறியீடு எஸ்டபிள்யூ 408, விரிப்பும் துணியும் எஸ்டபிள்யூ 410. தனித்தனி டிரம்மில் போட்டு, தேதி எழுதி, கூரையடியில் வையுங்கள். 180 நாள் அல்லது 20 டன், எது முந்துகிறதோ அதற்குள் உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். குழி தோண்டிப் புதைப்பது குற்றம்.

மதகை மறுபடி திறக்கும்போது ஒரு சாண் மட்டும் தூக்கி, வெளிப்பக்கம் ஒருவரை அரை மணி நேரம் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். படலம் தெரியவில்லை என்றால் முழுக்கத் திறக்கலாம். உறிஞ்சு பூமை மட்டும் அடுத்த பெருமழை வரை எடுக்க வேண்டாம். வாய்க்கால் ஓரப் புல்லில் ஒட்டியிருக்கும் டீசல் அந்த மழையில்தான் கழுவி வரும்.