பிள்ளைகளை டூர் கூட்டிப்போவது எப்படி: முதல் முறை பொறுப்பேற்கும் பெங்களூர் டீச்சர்களுக்கு

நான் முதன்முதலில் பொறுப்பேற்று நடத்திய டூரில் ஒரே நாளில் மூன்று இடம். காலையில் லால்பாக், மதியம் விஸ்வேஸ்வரய்யா மியூசியம், அப்புறம் திரும்பும் வழியில் விதான சௌதாவை வெளியிலிருந்தாவது காட்டிவிடலாம் என்று திட்டம். அன்றைக்குப் பிள்ளைகள் அதிகம் பார்த்தது டிராஃபிக் சிக்னல்களைத்தான். இறங்கு, வரிசையில் நில், எண்ணு, ஏறு என்றே நாள் போனது. லால்பாக்கில் அந்தப் பெரிய பாறை மேல் ஏறி நின்ற ஒரு பையன் கேட்டது இது ஒன்றுதான்: "அடுத்து எங்க மிஸ்?"

அதிலிருந்து ஒரு நாளைக்கு ஒரே இடம் என்று வைத்துக்கொண்டேன். கீழே சொல்வதெல்லாம் அல்சூர் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து நாற்பது, ஐம்பது பிள்ளைகளைக் கூட்டிப்போன அனுபவம். உங்கள் ஏரியா வேறாக இருந்தால் நேரத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: இடம், நாள்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு கப்பன் பார்க்கில் ஒன்றரை மணி நேரம் போதும். அந்த வயசுப் பிள்ளைகளுக்கு எறும்புப் புற்றே பெரிய காட்சி. ஐந்திலிருந்து ஏழு வரை லால்பாக் நன்றாக எடுபடும். எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால் கஸ்தூர்பா ரோட்டில் இருக்கும் விஸ்வேஸ்வரய்யா மியூசியம். 1962-இல் நேரு திறந்துவைத்தது. எஞ்சின், மின்சாரம் பற்றிய பாடம் நடக்கும் வாரத்தில் போனால் பிள்ளைகளே பட்டனை அழுத்திப் பார்த்துப் பாடத்தோடு சேர்த்துக்கொள்வார்கள்.

விடுமுறை நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பன்னேர்கட்டா பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை, நேரு கோளரங்கத்துக்குத் திங்கள். கோளரங்கக் காட்சிகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கின்றன. உங்கள் பிள்ளைகளுக்கு எது புரியும் என்று பார்த்து, அந்தக் காட்சி நேரத்துக்கு ஏற்ப நாளைத் திட்டமிடுங்கள். லால்பாக்கில் குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி மலர்க் கண்காட்சி நடக்கும். பார்க்க அழகுதான், ஆனால் ஐம்பது பிள்ளைகளோடு அந்தக் கூட்டத்துக்குள் போகாதீர்கள். செப்டம்பர், அக்டோபரில் மாலை மழை பிடித்துக்கொள்ளும். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் எனக்குப் பிடித்த காலம்.

படி 2: முதலில் நீங்கள் போய்ப் பாருங்கள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "லால்பாக்தானே, எத்தனை தடவை போயிருக்கிறோம்" என்பார்கள். குடும்பத்தோடு போனது கணக்கில் வராது. டூர் நடக்கப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் ஒரு தடவை போய்வாருங்கள். லால்பாக் 240 ஏக்கர். எந்த கேட்டில் பஸ் நிற்க விடுவார்கள், அங்கிருந்து கழிப்பறைக்குப் பிள்ளைகள் நடையில் எத்தனை நிமிடம், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, ஐம்பது பேர் நிழலில் உட்கார்ந்து சாப்பிட எங்கே இடம் என்றெல்லாம் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் படமாகப் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய மரங்களில் தேன்கூடு தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்ப்பதும் இந்தப் பயணத்தில் சேர்ந்ததுதான்.

பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, அவசர உதவிக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098.

படி 3: வீட்டுக்குக் கடிதம்

எச்.எம். அனுமதி எழுத்தில் வாங்கிவிட்டீர்கள் என்றால் அடுத்தது பெற்றோர். தமிழிலும் கன்னடத்திலும் ஒரே தாளின் இரு பக்கமாக அடியுங்கள். நீளமாக வேண்டாம்:

"டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை ஆறாம் வகுப்பு மாணவர்களை லால்பாக் அழைத்துச் செல்கிறோம். காலை 7.15-க்குப் பள்ளியில் இருக்க வேண்டும். மதியம் 2.30-க்குத் திரும்புவோம். உங்கள் பிள்ளைக்கு ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, பஸ்ஸில் வாந்தி ஆகியவற்றில் ஏதாவது உண்டா? தினமும் சாப்பிடும் மருந்து என்ன? அன்றைக்குக் கட்டாயம் எடுக்கப்படும் இரண்டு ஃபோன் எண்களைத் தரவும். மாலையில் பிள்ளையை யார் வந்து அழைத்துப்போவார்?"

"கட்டாயம் எடுக்கப்படும்" என்பதைக் கோடு போட்டுக் காட்டுங்கள். அப்பா எண்ணை மட்டும் எழுதிவிட்டு, அவர் வேலையிடத்தில் ஃபோனை லாக்கரில் வைத்துவிடுகிற வீடுகள் நிறைய. பக்கத்து வீட்டு அக்கா எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை. கையெழுத்து வராத பிள்ளையைக் கூட்டிப்போகக் கூடாது. காலை ஏழு மணிக்கு அழுதுகொண்டு நிற்கும், மனசு கேட்காது. அதனால் மூன்று நாள் முன்னாலேயே யார் தரவில்லை என்று பார்த்து வீட்டுக்கு ஃபோன் செய்துவிடுங்கள்.

படி 4: பணக் கணக்கு

46 பிள்ளைகள், 6 பெரியவர்கள், மொத்தம் 52 பேர் என்று வைத்துக்கொள்வோம். பஸ் வாடகை 9,000 ரூபாய், நுழைவுக் கட்டணம் எல்லாருக்குமாக 740, ஆளுக்கு 30 ரூபாய் சிற்றுண்டி 1,560, டிரைவர் பேட்டா 500, பார்க்கிங் 200. கூட்டினால் 12,000. இது உதாரணத்துக்குத்தான், விலையை நீங்கள் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 13,200.

இதை 46-ஆல் வகுக்காதீர்கள். 40-ஆல் வகுத்து, தலைக்கு 330 ரூபாய் என்று சொல்லுங்கள். ஆறு பிள்ளைகளால் கட்ட முடியாமல் போகலாம். அவர்கள் யார் என்று மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாமலேயே டூர் நடந்துவிடும். வகுப்பில் எழுப்பி நிற்கவைத்து "நீ ஏன் இன்னும் கட்டல?" என்று கேட்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதற்கு டூரே போகாமல் இருக்கலாம்.

படி 5: பஸ்

பிஎம்டிசி பஸ்ஸையே வாடகைக்கு எடுக்கலாம், தனியாரிடமும் எடுக்கலாம். எதுவானாலும் ஃபிட்னஸ் சான்றிதழ், இன்ஷூரன்ஸ், பெர்மிட், டிரைவர் லைசென்ஸ் நான்கையும் ஃபோனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தீயணைப்பான் இருக்கிறதா, அவசரக் கதவு உள்ளேயிருந்து திறக்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள். "அதெல்லாம் சரியா இருக்கும் மேடம்" என்பது பதில் இல்லை.

காலை ஏழரைக்குக் கிளம்பி, மதியம் ஒன்றரைக்குள் திரும்ப ஏறிவிடுங்கள். நாலு மணிக்கு மேல் ரிச்மண்ட் சர்க்கிளில் மாட்டினால், பஸ்ஸுக்குள் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு வரும். எட்டாம் வகுப்புக்கு மேல், இருபது பேருக்குள் என்றால் மெட்ரோவே நல்லது. அல்சூரில் ஏறி மெஜஸ்டிக்கில் மாறினால் லால்பாக் ஸ்டேஷன். சின்னப் பிள்ளைகளோடு மெஜஸ்டிக்கில் மாறும் வேலை வேண்டாம்.

படி 6: எண்ணுவது

இங்கேதான் எனக்கு ஆயுளில் பாதி போனது. ஒரு மியூசியம் வாசலில் பஸ் கிளம்பும் முன் எண்ணினேன், 46. பி.டி. சாரும் எண்ணினார், 46. சரி, போகலாம் என்றோம். பஸ் நகர்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கடைசி சீட்டில் ஒரு சிறுமி தேம்பித் தேம்பி அழுகிறாள். யாரம்மா நீ என்று பார்த்தால், எங்கள் பிள்ளையே இல்லை. வேறொரு பள்ளிக்கூடம், அதே நீலச் சீருடை. எங்கள் பையன் ஒருவன் இன்னும் மியூசியத்துக்குள்ளேயே ராக்கெட் பக்கத்தில் நிற்கிறான். எண்ணிக்கை சரி, பிள்ளை தப்பு! இரண்டு பிள்ளைகளும் பத்து நிமிடத்தில் பத்திரமாக அவரவர் இடம் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் கை ஜில்லிடுகிறது.

அதனால் தலையை எண்ணினால் போதாது, பேரைக் கூப்பிட வேண்டும். எட்டு அல்லது பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். அவர் கையில் தன் குழுவின் பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறத்தில் மணிக்கட்டு ரிப்பன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி. "உன் ஜோடி எங்கே?" என்று கேட்டால் பெரியவர்கள் கவனிக்கும் முன்பே பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும், கழிப்பறைக்குப் போய்வந்த பிறகும், சாப்பிட்ட பிறகும் பெயர் கூப்பிடுங்கள். ஆயாம்மாவைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். கழிப்பறை வாசல் பொறுப்பை அவர்களைப் போல யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

ரிப்பனில் பிள்ளையின் பெயரை எழுதாதீர்கள். பெயர் தெரிந்த அந்நியர் கூப்பிட்டால் பிள்ளை போய்விடும். பள்ளி ஃபோன் எண் மட்டும் போதும். "வழி தவறினால் எங்கேயும் தேடிக்கொண்டு ஓடாதே, நின்ற இடத்திலேயே நில், நாங்கள் வருவோம்" என்பதை முந்தின நாள் வகுப்பிலேயே நடித்துக் காட்டுங்கள்.

படி 7: சாப்பாடு

எலுமிச்சை சாதம் அல்லது புளியோதரை. தயிர் சாதம் காலையில் கட்டினால் மதியத்துக்குள் புளித்துவிடும், வேண்டாம். பஸ்ஸில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளை முன் சீட்டில் உட்காரவைத்து, கையில் ஒரு கவரும் பாதி எலுமிச்சம்பழமும் கொடுங்கள். குடிக்க இருபது லிட்டர் கேன் இரண்டு.

படி 8: அங்கே போய் என்ன செய்வது

முப்பது கேள்வி கொண்ட தாளைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டே போவார்கள், மரத்தைப் பார்க்க மாட்டார்கள். ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு போங்கள். லால்பாக்கில் என் கேள்வி: "இங்கே இருக்கிறதிலேயே வயசானது எது?"

சிலர் கண்ணாடி மாளிகை என்பார்கள். அதற்கு 1889-இல்தான் அடிக்கல் நட்டார்கள். சிலர் தோட்டத்தையே சொல்வார்கள். ஹைதர் அலி தொடங்கியது 1760-இல். கெம்பே கௌடா கோபுரம் என்று ஒருவராவது சொல்வார். அப்போது அந்தக் கோபுரம் நிற்கிற பாறையைக் காட்டுங்கள். கிட்டத்தட்ட 300 கோடி ஆண்டு வயசு. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்த பாறை அது. வெயில் ஏறும் முன் எல்லாரையும் குனிந்து கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளுப்பும் கறுப்புமாக வரிவரியாக ஓடும்.

300 கோடி என்றால் பிள்ளைக்கு என்ன புரியும்? துணி காயப்போடும் கயிறு 30 மீட்டர் வாங்கிப் போங்கள். ஒரு மீட்டர் பத்துக் கோடி ஆண்டு. ஒரு முனையைப் பாறை பிறந்த நாள் என்று ஒரு பிள்ளை பிடிக்கட்டும், மறுமுனை இன்றைக்கு. டைனோசர் எங்கே வரும் என்று கேளுங்கள். எல்லாரும் நடுவில் போய் நிற்பார்கள். டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுக்கு முன், அதாவது கடைசி முனையிலிருந்து 66 சென்டிமீட்டர். மனிதன் வந்து மூன்று லட்சம் ஆண்டு என்றால் கடைசி மூன்று மில்லிமீட்டர். ஹைதர் அலி கயிற்றின் ஒரு நூலிழை அகலத்தில்கூட அடங்கமாட்டார். ஒரு தடவை ஒரு பெண் இதைக் கேட்டுவிட்டுக் கயிற்று முனையை விரலால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, "எங்க ஆயா இதுக்குள்ளயா மிஸ்?" என்றாள். அரை மணி நேரம் அந்தக் கயிற்றை விட்டு யாரும் நகரவில்லை.

பஸ்ஸுக்குப் பணம் இல்லையென்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னோர் இடம் இருக்கிறது, தொம்மலூர் சொக்கநாத சுவாமி கோயில். அங்கே பழைய தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி வைத்திருக்க மாட்டார்கள், எழுத்தும் கொஞ்சம் மாறியிருக்கும். "உனக்குத் தெரிந்த ஓர் எழுத்தைக் கண்டுபிடி" என்று மட்டும் சொல்லுங்கள். கன்னட மீடியத்தில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகூட ஒரு 'ட'வையோ 'ப'வையோ கண்டுபிடித்துக் கத்தும். கோயில் ஆட்களிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கல்லில் சுண்ணாம்போ மாவோ தடவக் கூடாது.

படி 9: திரும்பி வந்த பிறகு

எல்லாப் பிள்ளைகளும் வீட்டாரோடு போகும்வரை நீங்கள் கிளம்பக் கூடாது. கடிதத்தில் எழுதிய ஆள் வராமல் வேறு யாராவது வந்தால் வீட்டுக்கு ஃபோன் செய்து கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

மறுநாள் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள், "நாங்கள் காலையில் மகிழ்ச்சியுடன் புறப்பட்டோம்" என்று நாற்பத்தாறு தாள் வரும். படம் வரையச் சொல்லுங்கள். பாதிப் பேர் பஸ்ஸைத்தான் வரைவார்கள், வரையட்டும். செலவுக் கணக்கை ரசீதோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். தலைக்கு ஏழு ரூபாய் மிஞ்சினாலும் அந்த ஏழு ரூபாயைக் கவரில் போட்டு வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள். எனக்கு ஒரு வருஷம் அந்தக் கவர் ஒன்று திரும்பி வந்தது. உள்ளே அந்த ஏழு ரூபாயோடு இன்னொரு பத்து ரூபாய். கவரின் மேல் பென்சிலில், "அடுத்த டூருக்கு."