வெள்ளி வாங்கும் முன் நாள்காட்டியைப் பாருங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் கொலுசுப் பட்டறை நடத்துவோர், கட்டி வெள்ளியை மொத்தமாக வாங்குவதற்கு முன், அந்த வாரத்தில் அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி விகித முடிவு வெளியாகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஆண்டுக்கு 8 முறை கூடி வட்டியை முடிவு செய்யும் அவ்வங்கிக் குழுவின் அறிவிப்பு, நம் நேரப்படி கோடையில் இரவு 11.30 மணிக்கும் குளிர்காலத்தில் நள்ளிரவு 12.30 மணிக்கும் வருவதால், நாம் உறங்கி எழுவதற்குள் விலை மாறியிருக்கும்.

வெள்ளி வட்டி தருவதில்லை; ஆகவே அங்கே வட்டி உயரும் என்று தோன்றினால் முதலீட்டாளர்கள் கடன் பத்திரங்களை நாடுவார்கள், டாலர் வலுப்பெறும், வெள்ளி பெரும்பாலும் இறங்கும். ஆனால் உலகச் சந்தையில் வெள்ளிக்கு டாலரில்தான் விலை என்பதால், அதே வேளையில் ரூபாய் சரிந்தால் அந்த இறக்கம் சேலத்துக்கு முழுமையாக வந்து சேராது. இதைப் பலர் கவனிப்பதில்லை என்பதே என் கவலை.

எதிர்பார்த்த முடிவு முன்பே விலையில் கலந்துவிடும். சந்தையை அசைப்பது எதிர்பாராததே. 2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி, பலரும் எதிர்பார்த்த 0.25 சதவீதப் புள்ளிக்குப் பதிலாக 0.50 குறைத்து, வங்கிகளுக்குத் தான் தரும் குறுகியகாலக் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை 5.50 சதவீதமாக்கியபோது பங்குச் சந்தை அன்றே உயர்ந்தது.

ஆகவே முடிவுக்கு முந்தைய மாலை முழுத் தொகைக்கும் விலை பேசாமல், கையிலுள்ள ஆர்டருக்குத் தேவையானதை மட்டும் வாங்கி, மீதியை மறுநாள் ரூபாய் மதிப்பையும் பார்த்தபின் வாங்குங்கள்.