பாய்மரப் படகின் பழைய ஜன்னலை மாற்றுவது எப்படி?

திருகுகளைக் கழற்றியதும் பழைய அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) தகட்டை நெம்பாதீர்கள். ஃபைபர்கிளாஸ் விளிம்பு பெயர்ந்துவிடும். மெல்லிய புட்டிக் கத்தியைச் செருகி, பசையை அறுத்தபடி சுற்றி வாருங்கள். தகடு உடைந்தாலும் வீசாதீர்கள், புதியதை வெட்ட அதுதான் அளவு. படகுச் சுவரின் நடுவே பால்சா என்ற லேசான மரம் தெரிந்தால், எபாக்சி பிசின் பூசி அடைத்த பிறகே அடுத்த வேலை.

சிறு படகுக்கு 6 மி.மீ. வார்ப்பு அக்ரிலிக் வாங்கலாம். அது வெயிலில் விரியும்: 600 மி.மீ. நீளத் தகடு 30 டிகிரி சூடேறினால் ஒரு மி.மீ.க்கு மேல். ஆகவே 5 மி.மீ. திருகுக்கு 7 மி.மீ. துளை, விரிசல் பெரும்பாலும் இறுக்கமான துளையில்தான் தொடங்கும். அசிட்டோன் கரைப்பான் பட்டால் தகட்டில் நுண்விரிசல் ஓடும், துடைக்கச் சோப்புத் தண்ணீரே போதும். பாலிசல்பைடு பசையும் ஆகாது. பியூட்டைல் டேப் (மெத்தென்ற ரப்பர் ஒட்டுப்பட்டை) ஒட்டி, திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிதுங்கியதை வெட்டிவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள்.