பெரிய சொகுசு எஸ்யூவி: டீசலா, பெட்ரோலா? முடிவெடுக்க ஒரு வழிமுறை

"மாசத்துக்கு எவ்வளவு கிலோமீட்டர் ஓட்டுவீங்க சார்?" என்பதுதான் ஷோரூமில் வரும் முதல் கேள்வி. அதற்கு மட்டும் பதில் சொல்லி டீசலா பெட்ரோலா என்று முடிவு செய்தால் தப்பாகப் போக வாய்ப்புண்டு. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று மாதம் இரண்டு தடவை சென்னையிலிருந்து திருச்சி போய்த் திரும்புகிறது. இன்னொன்று அடையாறு, தி.நகர், பள்ளிக்கூடம், கிளப் என்று நாளெல்லாம் ஐந்தைந்து கிலோமீட்டராகவே ஓடுகிறது. முதல் வண்டிக்கு டீசல் பொருந்தும். இரண்டாவதற்கு டீசல் வாங்கினால் ஒன்றிரண்டு வருடத்தில் சர்வீஸ் சென்டரே கதி. ஆகவே தெரிந்துகொள்ள வேண்டியது, ஒரு தடவை ஸ்டார்ட் செய்தால் வண்டி எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடுகிறது என்பதை.

முதல் வேலை: இரண்டு வாரம் குறித்து வையுங்கள்

இப்போது இருக்கும் காரிலேயே இதைச் செய்யலாம். டிரைவர் ஓட்டினால் அவரிடம் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மூன்று விஷயம் போதும்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம், 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் தொடர்ந்து ஓடியது எவ்வளவு நேரம். ஏசிக்காக நின்ற இடத்திலேயே என்ஜின் ஓடிய நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். நம்மூரில் அது கொஞ்சநஞ்சமல்ல.

ஒவ்வொரு 400-500 கிலோமீட்டருக்குள்ளும் ஒரு தடவையாவது அரை மணி நேரம் நிற்காத ஓட்டம் இருந்தால் டீசலைத் தயங்காமல் பரிசீலிக்கலாம். ஈசிஆர், ஓஎம்ஆர், பைபாஸ் எதுவானாலும் சரி. அப்படி ஒன்றுகூட இல்லையென்றால் மற்ற கணக்கெல்லாம் வீண். பெட்ரோல் பக்கம் போய்விடுங்கள்.

காரணம் டிபிஎஃப் என்கிற கரி வடிகட்டி. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் இந்த வகை டீசல் வண்டிகள் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. சேரும் கரியை வண்டியே அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வடிகட்டிக்குள் ஏறக்குறைய 600 டிகிரி வெப்பம் வேண்டும், அதுவும் 15-20 நிமிடம் நீடிக்க வேண்டும். "சென்னை வெயிலுக்கு என்ஜின் ரெண்டு நிமிஷத்துல சூடாகிடுமே" என்பார்கள். டயலில் தெரிவது கூலன்ட்டின் 90 டிகிரி. வடிகட்டிக்கு அது எந்த மூலைக்கு?

வெப்பத்தை ஏற்ற, எரிந்து முடிந்த நேரத்தில் சிலிண்டருக்குள் கூடுதலாகக் கொஞ்சம் டீசல் தெளிக்கப்படும். பாதியில் வண்டியை அணைத்தால் அந்தச் சுற்று வீணாகி, அடுத்த ஓட்டத்தில் மறுபடி தொடங்கும். திரும்பத் திரும்ப இப்படி ஆனால் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து என்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போகும், அளவோ கூடும். ஆயில் அளவு தானாக ஏறுகிறது என்றால் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை, உடனே மாற்ற வேண்டும். நீர்த்த ஆயிலில் முதலில் அடிவாங்குவது டர்போவும் பேரிங்குகளும்தான்.

பணக்கணக்கு

பிஎம்டபிள்யூ எக்ஸ்5-ன் மெருகூட்டிய மாடல் 2023-ல் வந்தபோது பெட்ரோலைவிட டீசலுக்கு எக்ஸ்-ஷோரூம் விலையில் 2 லட்சம் கூடுதல். 2024 ஜனவரியில் வந்த மெர்சிடிஸ் ஜிஎல்எஸ்-ல் 450 பெட்ரோலைவிட 450டி டீசலுக்கு 5 லட்சம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள்கால வரி 20 சதவீதம் என்பதால் அந்த வித்தியாசம் 2.4 லட்சம், 6 லட்சம் என்று வளரும். இன்சூரன்ஸ் தனி.

ஊரும் நெடுஞ்சாலையும் கலந்து ஓட்டும்போது பெட்ரோல் லிட்டருக்கு 7, டீசல் 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் இருக்கும் மைலேஜைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92.50 என்று போட்டால் கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 14.40, டீசல் 9.25. ஆட்ப்ளூ (டீசல் புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் கரைசல்) செலவாகப் பத்துக் காசு சேர்த்தாலும் டீசலில் ஏறத்தாழ 5 ரூபாய் மிச்சம். ஆக, 2.4 லட்சம் திரும்பி வர 48,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். 6 லட்சத்துக்கு 1,20,000. வருடம் 10,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு முதலாவது ஐந்து வருடக் கதை, இரண்டாவது பன்னிரண்டு வருடக் கதை. இந்த மாதிரி வண்டியை அத்தனை வருடம் வைத்திருப்பவர்கள் குறைவு. உங்கள் ஊர் விலையையும் உங்கள் கிலோமீட்டரையும் போட்டு மறுபடி ஒரு தடவை கணக்குப் பாருங்கள்.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது பெட்ரோல் டேங்க் மூடிக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். இந்த ரக டர்போ பெட்ரோல் என்ஜின்கள் பலவற்றில் 95 ஆக்டேன் பரிந்துரைக்கப்பட்டிருக்கும். நேரம் தப்பி வெடிக்காமல் (அதுதான் நாக்) பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் எண் அது. நீங்கள் போடும் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் அதைவிடக் குறைவு என்றால் என்ஜின் நாக் ஆகாமல் இருக்க இக்னிஷனைத் தானே பின்னுக்குத் தள்ளிக்கொள்ளும். இழுவையும் குறையும், மைலேஜும் குறையும். எக்ஸ்பி95 மாதிரி பிரீமியம் எரிபொருள்தான் போடப்போகிறீர்கள் என்றால் கணக்கிலும் அந்த விலையையே போட வேண்டும். லிட்டருக்கு 8 ரூபாய் கூடினால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 15 காசு கூடும். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலையும் மறக்க வேண்டாம். அதன் ஆற்றல் லிட்டருக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) பரவலாவதற்கு முன் எழுதப்பட்ட விமர்சனங்களில் வரும் பெட்ரோல் மைலேஜை அதனால் சற்றுக் கழித்தே படியுங்கள்.

ஜிஎஸ்டியில் இந்த அளவு வண்டிகளுக்குப் பெட்ரோல், டீசல் பேதம் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் 40 சதவீதம்.

ஓட்டிப் பார்க்கும்போது

குதிரைத்திறனைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஜிஎல்எஸ் 450 பெட்ரோல் 381 குதிரைத்திறன், இழுவிசை (டார்க்) 500 நியூட்டன் மீட்டர். 450டி 367 குதிரைத்திறன், ஆனால் 750 நியூட்டன் மீட்டர். இரண்டரை டன் வண்டி, ஏழு பேர், பின்னால் சாமான்கள் என்று கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறினால் இந்த 250-ன் அருமை புரியும். டீசல் 1,500 ஆர்பிஎம் பக்கத்திலேயே முனகாமல் இழுக்கும். பெட்ரோல் ஒவ்வொரு வளைவிலும் கியரைக் குறைத்து என்ஜினைச் சுழலவிட்டுத்தான் ஏறும். ஏறாமல் போகாது. சத்தமும் எரிபொருளும்தான் கூடும்.

டெஸ்ட் டிரைவுக்கு வண்டியைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஏசி போட்டு, ஸ்டியரிங்கில் கை வைத்து இரண்டு நிமிடம் உட்காருங்கள். பிறகு கதவைத் திறந்து வெளியே நின்று கேளுங்கள். இன்றைய ஆறு சிலிண்டர் டீசல்கள் உள்ளே பெட்ரோல் அளவுக்கே அமைதி. வெளியே நிற்பவருக்குத்தான் டீசல் என்று தெரியும். நான்கு சிலிண்டர் டீசல் என்றால் வித்தியாசம் உள்ளேயும் தெரியும். 40-லிருந்து 80-க்கு ஒரு தடவை, 80-லிருந்து 110-க்கு ஒரு தடவை முடுக்கிப் பாருங்கள். பின் சீட்டில்தான் உட்காரப் போகிறீர்கள் என்றால் அங்கேயே உட்கார்ந்து பாருங்கள்.

சில வண்டிகளில் இந்தக் குழப்பமே கிடையாது. பிஎஸ்-6 வந்தபின் இந்தியாவில் ஆடி க்யூ7 பெட்ரோலில் மட்டும்தான் வருகிறது. டொயோட்டா லேண்ட் குரூசர் 300 டீசலில் மட்டும்.

டீசல் வாங்கினால் பழக வேண்டியவை

கரி எரியும்போது வண்டியே அடையாளம் காட்டும். நிற்கும்போது ஆர்பிஎம் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடும், உடனடி மைலேஜ் சரியும், இறங்கினால் சூடான உலோக வாடை வரும், அணைத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி உறுமிக்கொண்டிருக்கும். வீட்டு வாசலில் இதைக் கவனித்தால் அணைக்காமல் இன்னொரு பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். திரையில் வடிகட்டி எச்சரிக்கையே வந்துவிட்டால் அன்றைக்கே நெடுஞ்சாலையில் ஏறுங்கள். தள்ளிப்போட்டால் வண்டி வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். அப்புறம் ஒர்க்‌ஷாப்பில் கணினி வைத்துத்தான் எரிக்க முடியும்.

என்ஜின் ஆயில், சாம்பல் குறைவாக விடும் வகையாகத்தான் இருக்க வேண்டும். உரிமையாளர் கையேட்டில் உள்ள அங்கீகார எண் டப்பாவில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். கரி எரியும், சாம்பல் எரியாது. தப்பான ஆயில் விட்டுச்செல்லும் சாம்பல் வடிகட்டியில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

ஆட்ப்ளூ என்பது 32.5 சதவீத யூரியாக் கரைசல். டப்பாவில் ஐஎஸ்ஓ 22241 என்று இருக்க வேண்டும். வெயிலில் கெட்டுப்போகும் பொருள் என்பதால் இருபது லிட்டர் கேனை வாங்கிக் கார் டிக்கியில் மாதக்கணக்கில் போட்டு வைக்கக் கூடாது. அளவு குறைந்தால் இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று திரையில் இறங்கிக்கொண்டே வரும். பூஜ்யமானபின் அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. தவறிப்போய் டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

பெட்ரோல் பங்க்கிலும் கண் வேண்டும். பெட்ரோல் நாசில் மெல்லியது, டீசல் டேங்க் வாயில் சுலபமாக நுழையும். டீசலை உயர் அழுத்தத்தில் தள்ளும் காமன் ரெயில் பம்புக்கு டீசல்தான் மசகு. பெட்ரோல் போய்விட்டால் பம்ப் உராய்ந்து உலோகத் துகள் இன்ஜெக்டர் வரை பரவும். ஸ்டார்ட் செய்யாமல் இருந்தால் டேங்கைக் காலி செய்வதோடு போகும். ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்ப், ரெயில், இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்து லட்சங்களில் பில் வரும்.

பெட்ரோலிலும் தொல்லை உண்டு

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிப்பது) மட்டுமே உள்ள என்ஜின்களில், காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வுகள் மேல் பெட்ரோல் படுவதே இல்லை. ஆயில் ஆவி அங்கே கரியாகப் படியும். நாளாவட்டத்தில் காலையில் ஐட்லிங் தடுமாறும், மிஸ்ஃபயர் வரும். எரிபொருளில் கலக்கும் கிளீனர் அங்கே எட்டாது. மேனிஃபோல்டைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் செலவும் உண்டு, ஆனால் டீசல் இன்ஜெக்டர் விலையோடு பார்த்தால் அது சில்லறை.

டெல்லி பக்கம் மாற்றலாக வாய்ப்புள்ளவர்களுக்குப் பெட்ரோல்தான் நிம்மதி. 2015 டிசம்பரில் 2,000 சிசிக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளின் பதிவையே உச்ச நீதிமன்றம் அங்கே நிறுத்தி வைத்து, எட்டு மாதம் கழித்து ஒரு சதவீத வரியோடு அனுமதித்தது. 2018-ல் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்றது. 2025-ல் அதன் கடுமை குறைந்தாலும் மறுவிற்பனையில் அந்தப் பயம் இன்னும் விலையைத் தின்கிறது.

பழைய டீசல் பார்க்கப் போனால்

முதலில் சைலன்சர் குழாயின் உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். வடிகட்டி நன்றாக இருந்தால் விரலில் கரி ஒட்டாது. கறுப்பாக அப்பிக்கொண்டால் வடிகட்டி விரிசல் விட்டிருக்கும், இல்லையேல் யாரோ அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். பின்னது சட்டப்படியும் தப்பு. இந்தச் சோதனை பெட்ரோலுக்குச் செல்லாது; நல்ல பெட்ரோல் வண்டியின் குழாயும் கறுப்பாக இருக்கலாம். அடுத்து ஸ்கேனர் போடச் சொல்லி கரி அளவு, சாம்பல் அளவு, கடைசியாகக் கரி எரித்து எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்று கேளுங்கள். 150 கிலோமீட்டருக்கு ஒரு தடவை எரித்துக்கொண்டிருக்கும் வண்டி நகருக்குள்ளேயே வதைபட்ட வண்டி. ஆட்ப்ளூ மூடியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் துடைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். மறுபடி பூத்தால் எங்கோ கசிகிறது, விலையைப் பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள்.