ரேமா, கிராபிக்ஸ் கார்டா? கேமிங் கம்ப்யூட்டரில் எதை முதலில் மாற்றுவது

கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது, வீட்டுக் கம்ப்யூட்டரில் கேம் சரியாக ஓடவில்லை, ரேம் போடலாமா கிராபிக்ஸ் கார்டு மாற்றலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, அளந்து பார்க்கும்வரை எதையும் வாங்காதீர்கள் என்பதுதான். உங்கள் கம்ப்யூட்டர் எங்கே திணறுகிறது என்பதை அதுவே காட்டும். ஒரு மாலை நேரம் போதும், செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

உதாரணத்துக்கு ஒரு செட் எடுத்துக்கொள்வோம். இன்டெல்லின் 10ஆம் தலைமுறை ஐ5 10400எஃப் ப்ராசஸர், 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்காக, ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி கார்டு, 1080பி மானிட்டர். 2020, 2021 வாக்கில் கேமிங்குக்கென்று குறைந்த பட்ஜெட்டில் அசெம்பிள் செய்தவர்கள் பலரிடம் இதுவோ இதற்குப் பக்கத்தில் ஒன்றோதான் இருக்கும்.

படி 1: உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி. எத்தனை ஜிபி, என்ன ஸ்பீடு, எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று எல்லாம் அங்கேயே இருக்கும். "1 ஆஃப் 2" என்று ஸ்லாட் காட்டினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஸ்டிக் என்றால் ப்ராசஸர் ஒரு வழியாக மட்டுமே ரேமோடு பேசுகிறது, இரண்டு ஸ்டிக் போட்டால் இரண்டு வழியும் திறக்கும், அதைத்தான் டூயல் சேனல் என்கிறார்கள்.

ஸ்பீடையும் கவனியுங்கள். 3200 என்று எழுதிய ரேமை வாங்கியிருப்பீர்கள், இங்கே 2133 அல்லது 2400 என்று காட்டும். பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் மதர்போர்டின் செட்டிங்ஸ் பக்கம்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதில் எழுதிய வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங், ஆன் செய்யாததுதான் காரணமாக இருக்கும். மதர்போர்டைப் பொறுத்து இதற்கு டிஓசிபி, எக்ஸ்போ என்று வேறு பெயரும் உண்டு. ஆன் செய்தால் சும்மா கிடைக்கிற வேகம். ஆனால் நம் உதாரண செட்டில் எச்410 அல்லது பி460 போர்டு இருந்தால் 2666-க்கு மேல் போகாது, ஐ5 10400எஃப்போடு சேரும்போது அந்த போர்டுகளின் எல்லை அவ்வளவுதான். அதற்கு 3600 ரேம் வாங்குவது காசைக் கரைப்பது.

படி 2: ஆடிக்கொண்டே அளங்கள்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், ஆடும்போதே கம்ப்யூட்டர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் இலவச மென்பொருள், எந்த கம்பெனி கார்டிலும் ஓடும். அதோடு வரும் ரிவாட்யூனரையும் சேர்த்து இன்ஸ்டால் செய்யுங்கள். செட்டிங்ஸில் மானிட்டரிங் பகுதிக்குப் போய் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் சிப்) யூசேஜ், கார்டின் மெமரி, சிபியு (ப்ராசஸர்) யூசேஜ், ரேம், ஃப்ரேம்ரேட் (நொடிக்கு எத்தனை படம், எஃப்பிஎஸ் என்பதும் இதுதான்), ஃப்ரேம்டைம் (ஒரு படம் வர எடுக்கும் நேரம்) ஆகியவற்றை ஆன்-ஸ்க்ரீன் டிஸ்ப்ளேயில் வருமாறு டிக் செய்யுங்கள். ஃப்ரேம்டைமை மட்டும் கிராஃபாக வையுங்கள், அந்தக் கோடுதான் உண்மையைச் சொல்லும்.

கேமில் வி-சின்க்கையும் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் செட்டிங்) எஃப்பிஎஸ் வரம்பையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். 60-இல் கட்டிப்போட்டிருந்தால் கார்டு பாதிதான் உழைப்பதுபோலத் தெரியும், தப்பான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். மெனுவில் நின்று பார்ப்பதும் பயனில்லை. உங்களுக்கு எந்த இடத்தில் சிக்குகிறதோ, ஊருக்குள் வண்டி ஓட்டும்போதோ பெரிய சண்டையிலோ, அங்கேயே போய் இருபது முப்பது நிமிடம் ஆடுங்கள். ரேம் பிரச்சினை பெரும்பாலும் கொஞ்ச நேரம் ஓடிய பிறகுதான் தலைகாட்டும்.

படி 3: எண்களைப் படிப்பது

இதை நிதானமாகப் படியுங்கள், மற்ற எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது.

ஜிபியு யூசேஜ் 95 முதல் 99 சதவீதத்தில் நிற்கிறது, எஃப்பிஎஸ் குறைவு, ஆனால் ஃப்ரேம்டைம் கோடு ஓரளவு நேராக இருக்கிறது என்றால் கார்டு தன்னால் முடிந்ததை முழுவதுமாகச் செய்துகொண்டிருக்கிறது. ரேம் எவ்வளவு போட்டாலும் அது மாறாது. உறுதி செய்ய ரெசல்யூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் ஜிவ்வென்று ஏறினால் சந்தேகமே வேண்டாம், கார்டுதான்.

எஃப்பிஎஸ் சராசரி நன்றாகவே இருக்கிறது, ஆனால் சில நொடிக்கு ஒருமுறை படம் உறைந்து நின்று திரும்ப ஓடுகிறது, அந்த நேரத்தில் கோடு ஊசிபோல மேலே குத்துகிறது, ஜிபியு யூசேஜ் தடாலென்று இறங்குகிறது, ரேம் 8-இல் ஏழரையைத் தாண்டி நிற்கிறது. இது ரேம் பற்றாக்குறையின் முகம். ஏன் இப்படி ஆகிறது என்றால், இடம் போதாதபோது விண்டோஸ் ரேமில் இருப்பதில் ஒரு பகுதியை டிஸ்கில் உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளிவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. 2666 ரேம் ஒரு ஸ்டிக் நொடிக்கு 21 ஜிபி அளவுக்குத் தர வல்லது, சாட்டா எஸ்எஸ்டி அரை ஜிபியைத் தாண்டுவதே பெரிது, ஹார்ட் டிஸ்க் அதிலும் பல மடங்கு கீழே. அந்த இடைவெளியைத்தான் நீங்கள் திரையில் உறைந்த படமாகப் பார்க்கிறீர்கள். இதையும் இலவசமாக உறுதி செய்யலாம்: குரோம், டிஸ்கார்டு, பின்னால் ஓடும் லாஞ்சர்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு அதே இடத்தில் ஆடுங்கள். சிக்கல் குறைந்தால் ரேம்தான்.

மூன்றாவது வகைதான் நிறைய பேரைக் குழப்பும். ரேம் போதுமான அளவு இருக்கிறது, ஆனாலும் திரும்பும்போதெல்லாம் சிக்குகிறது, சுவரும் ரோடும் சில நொடி மங்கலாக இருந்து பிறகு தெளிகிறது. கார்டின் சொந்த மெமரியைப் பாருங்கள், 4 ஜிபி கார்டில் 3.8 என்று ஒட்டிக்கொண்டிருக்கும். டெக்ஸ்சர் (சுவர், ரோடு போன்றவற்றின் மேற்பரப்புப் படம்) செட்டிங்கை ஹையிலிருந்து மீடியத்துக்கு இறக்கினால் சரியாகிறதா? அப்படியென்றால் விரேம், அதாவது கார்டின் சொந்த மெமரி, போதவில்லை, தீர்வு வேறு கார்டு அல்லது மீடியம் டெக்ஸ்சர். இங்கே டாஸ்க் மேனேஜரின் ஒரு எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். 16 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டரில் 4 ஜிபி கார்டு இருந்தால், "ஜிபியு மெமரி" என்ற இடத்தில் 12 என்று காட்டும். கார்டின் 4-உடன், ரேமில் பாதியான 8-ஐ "ஷேர்டு" என்று சேர்த்துக் கூட்டிய கணக்கு அது. டெடிகேட்டட் என்று தனியாக எழுதியிருப்பதுதான் கார்டின் உண்மையான மெமரி. ரேம் கூட்டினால் விரேம் கூடும் என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, ஜிபியு 50, 60 சதவீதத்தில் சும்மா இருக்கிறது, ரேமும் மீதி இருக்கிறது, 720பிக்கு இறக்கினாலும் எஃப்பிஎஸ் அசையவில்லை. அது ப்ராசஸரின் எல்லை. மொத்த சிபியு யூசேஜ் 50 சதவீதம் என்று காட்டினாலும் ஒரு கோர் (ப்ராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி) மட்டும் நிரம்பி வழியலாம், ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே ஸ்டிக் ரேம் இருந்தால் இரண்டாவது போடுவது இங்கேயும் கொஞ்சம் கைகொடுக்கும்.

படி 4: முடிவெடுப்பது

நம் உதாரண செட்டுக்கு என் பதில்: முதலில் இன்னொரு 8 ஜிபி ஸ்டிக். இப்போதைய பெரிய கேம்களுக்கு 8 ஜிபி காணாது. சைபர்பங்க் 2077-க்கும் எல்டன் ரிங்குக்கும் குறைந்தபட்சத் தேவையே 12 ஜிபி, ஹாக்வர்ட்ஸ் லெகஸிக்கு 16. 8 ஜிபியோடு புதுக் கார்டு போட்டால் எஃப்பிஎஸ் எண் பெரிதாகும், சிக்கல் அப்படியே இருக்கும், அந்த ஏமாற்றம் மோசமானது. நீங்கள் ஆடுவது வாலோரண்ட் மட்டும்தான் என்றால் வேறு கதை, அது இந்த செட்டிலேயே நன்றாக ஓடும், காசை வைத்திருங்கள்.

ஏற்கெனவே 16 ஜிபி இரண்டு ஸ்டிக்காக இருக்கிறது, கார்டு 4 ஜிபிதான் என்றால் யோசிக்கவே வேண்டாம், கார்டு. கேமுக்காக மட்டும் 32-க்குப் போவது அந்த நிலையில் வீண்.

கார்டே இல்லாமல் ரைசன் 5 5600ஜி மாதிரி ப்ராசஸரின் உள்ளே இருக்கும் கிராபிக்ஸில் ஆடுபவர்களுக்கு, ஒரே ஸ்டிக்தான் இருக்கிறது என்றால், இரண்டாவது ஸ்டிக் போல லாபம் வேறில்லை. உள் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, ரேமைத்தான் பயன்படுத்துகிறது, வழி இரண்டானால் கேமின் வேகமே கண்கூடாக மாறும்.

விலையை மட்டும் பழைய நினைவில் கணக்குப் போடாதீர்கள். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. ரேம் விலையையும் கார்டு விலையையும் ஒரே நாளில் பார்த்து ஒப்பிடுங்கள். விரேம் பிரச்சினை என்று அளந்து தெரிந்துவிட்டால், கார்டைவிட ரேம் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்குவதும் வேண்டாம்.

படி 5: கார்டு என்றால், முதலில் எஸ்எம்பிஎஸ்

பக்கவாட்டு மூடியைத் திறந்து எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் தரும் பெட்டி) ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரிதாக 450 வாட் என்று போட்டிருக்கும். அதை விட்டுவிட்டு 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்ப்ஸ் என்று பாருங்கள். 17 ஆம்ப்ஸ் என்றால் 12 பெருக்கல் 17, அதாவது 204 வாட். ப்ராசஸரும் கார்டும் இந்த 204-க்குள்தான் ஓடவேண்டும். கேபினெட்டோடு வரும் லோக்கல் எஸ்எம்பிஎஸ்களில் இது சகஜம். ஜிடிஎக்ஸ் 1650 வெறும் 75 வாட், பல மாடல்களுக்குத் தனி பவர் வயரே தேவையில்லை என்பதால் இத்தனை நாள் தாக்குப்பிடித்தது. ஆர்எக்ஸ் 6600 எடுப்பது 132 வாட், நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3060 என்றால் 170 வாட், 550 பரிந்துரைக்கிறார்கள். எஸ்எம்பிஎஸ் மாற்றவேண்டுமென்றால் அந்தச் செலவையும் கார்டு விலையோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். இதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், தரமில்லாத ஒன்று போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி விலை குறைவாகத் தெரியும். இரண்டுமே நான்கு லேன் (கார்டும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் பாதை) மட்டும் பயன்படுத்துபவை, 10ஆம் தலைமுறை இன்டெல்லில் உள்ள பிசிஐஇ 3.0 என்ற பழைய, மெதுவான கார்டு இணைப்பில் அவை மூச்சுத் திணறும். எட்டு லேன் உள்ள ஆர்எக்ஸ் 6600-க்கு அந்தக் கவலை பெரிதாக இல்லை.

செகண்ட்ஹேண்ட் கார்டு என்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ வேறெங்கோ, அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் என்ற சிறிய மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோய்த் திறந்து பாருங்கள், பழைய கார்டுக்குப் புதிய பெயர் ஏற்றி விற்றிருந்தால் பெரும்பாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

படி 6: மாட்டுவது

ஆஃப் செய்து, வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மீதிக் கரண்டை வடித்துவிட்டு, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள். ரேம் எந்தத் தலைமுறை, டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ, என்பதை வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும், நடுவில் உள்ள வெட்டு ஒன்றுக்கொன்று பொருந்தாது. நான்கு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் ப்ராசஸர் பக்கமிருந்து இரண்டாவதும் நான்காவதும்தான் ஜோடி, மேனுவலில் சரிபாருங்கள். இரு முனையிலும் கிளிப் "டக்" என்று மூடும்வரை அழுத்துங்கள். வேறு வேறு ஸ்பீடு ஸ்டிக்குகள் போட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிவிடும்.

டிஸ்ப்ளே வரவில்லையா, பதறாதீர்கள். ரேமை எடுத்து, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியை ஊதிவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். சர்வீஸ் செய்பவர்களும் முதலில் செய்வது இதைத்தான். கார்டு மாட்டியவர்கள் மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகியிருக்கிறோமா என்று பாருங்கள், அது கார்டில்தான் இருக்க வேண்டும்.

எல்லாம் ஓடியதும் பயாஸில் எக்ஸ்எம்பியை ஒருமுறை பார்த்துவிட்டு, படி 2-இல் ஆடிய அதே இடத்தில் அதே செட்டிங்கில் ஆஃப்டர்பர்னரைத் திறந்து ஆடுங்கள். ரேம் போட்டவர்களுக்கு ஃப்ரேம்டைம் கோட்டில் ஊசிகள் மறைந்து, ஜிபியு யூசேஜ் 99-இல் நிலையாக நின்றால், அடுத்து சேர்க்கும் காசு கார்டுக்கு.