பழைய லேப்டாப்பை விற்கும் முன் ஒரு பென்டிரைவ் சோதனை

விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்பை வந்த விலைக்குத் தள்ளிவிடும் முன், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை (ஓஎஸ்) ஒரு 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். மின்ட் இலவசம்தான். ரூஃபஸ் மென்பொருளால் பென்டிரைவில் எழுதிவிட்டு (அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், ஜாக்கிரதை), லேப்டாப்பை ஆன் செய்யும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப்பை அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த பட்டன் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இப்படி ஓட்டும்போது எல்லாம் பென்டிரைவிலும் ரேமிலும்தான் நடக்கிறது. நீங்களாக இன்ஸ்டால் கொடுக்காத வரை ஹார்ட் டிஸ்கில் இருக்கும் விண்டோஸ் அப்படியே இருக்கும். வைஃபை, பிரிண்டர், ஸ்பீக்கர், தமிழ் டைப்பிங் நான்கும் சரியாக வந்தால் தாராளமாக மாறலாம். 4 ஜிபி ரேம் போதும். வேகத்தை மட்டும் இதை வைத்து முடிவு செய்யாதீர்கள், பென்டிரைவ் எப்போதும் மெதுவாகத்தான் ஓடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், பேங்க் வேலையை அதிலேயே தொடர்வதைவிட இது மேல்.

ஆனால் ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிகளுக்கு டேலியில் கணக்கு எழுதுபவர்களுக்கும், கோரல்டிராவில் பத்திரிகை, பேனர் அடிப்பவர்களுக்கும் இது ஒத்துவராது. அந்த மென்பொருள்கள் மின்ட்டில் நேரடியாக ஓடாது, அதனால் அவர்கள் விண்டோஸிலேயே இருக்கட்டும்.